கைராசி

அந்தப் பக்கத்தைத் திருப்பாதீங்க சார், ஒரு நிமிஷம். மேல கட்டம் போட்டு ஒரு நியூஸ் இருக்குல்ல, அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நாட்டுல வேலை செய்யுற ஜனத்தொகை கூடியிருக்கு, போன வருஷத்தைவிட இத்தனை பேர் ஏறியிருக்காங்கன்னு போட்டிருக்கான் பாருங்க. பக்கத்துல கோடு கோடா ஒரு படம். மேல போகுது, கீழ இறங்குது, மறுபடி மேல போகுது. அந்தக் கோட்டை நான் நேர்ல பாத்தவன் சார். சிரிக்காதீங்க. நெசமாத்தான்.

நான் வெளிநாட்டுல டைம்கீப்பர். எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன், இன்னும் எனக்கு அங்க வேலை இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் திருச்சியில ஃப்ளைட். டைம்கீப்பர்னா என்னன்னு கேட்டா, பெரிய உத்தியோகம்லாம் இல்லை. காலையில கேம்ப் வாசல்ல நிக்கணும். வேலைக்குப் போற பஸ் வரும். ஏறுற தலையை எண்ணி நோட்டுல எழுதணும். அம்புட்டுத்தான். நான் போனப்ப நாலு பஸ். அப்புறம் ஏழு. அந்த ஊர்க்காரன் வானத்தைத் தொடுற மாதிரி கட்டடம் கட்டுனானே, அந்தச் சமயத்துல பதினாலு பஸ். எண்ணி எண்ணி எனக்குத் தொண்டை வறண்டு போகும். இப்ப அஞ்சு. அந்த அஞ்சுலயும் பின்சீட்டெல்லாம் காலி. அவங்க ஊர்ப் பிள்ளைங்க வளந்து படிச்சு வந்துட்டாங்க, வேலை கேக்குறாங்க. கேக்கத்தான செய்வாங்க? அதனால வெளியாளைக் குறைச்சிட்டே வாறாங்க. அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் நாடு, அவன் கதவு. தொறக்கவும் செய்வான், சாத்தவும் செய்வான்.

ஆனா சாத்துறப்ப ஒருத்தன் விரல் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. அந்த விரலை அங்க வச்சது நான். அதைத்தான் சொல்ல வர்றேன். யார்கிட்டயும் சொன்னதில்லை சார். நீங்க புதுக்கோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கிருவீங்க, நான் இன்னிக்கே கடல் தாண்டிருவேன். அதனால சொல்லலாம். என் பங்கு எவ்வளவுன்னு மட்டும் நீங்க பாருங்க.

நான் வெளிநாடு போறதுக்கு முந்தி அறந்தாங்கியில ஒரு டிராவல்ஸ்ல பாரம் எழுதுற வேலை பாத்தேன். பாஸ்போர்ட் பாரம், விசா பாரம், எல்லாம் நம்ம கையெழுத்துத்தான். முத்து முத்தா எழுதுவேன். நான் எழுதுன பாரம் திரும்பி வந்ததே கிடையாது. எப்படியோ ஒரு பேரு பரவிப்போச்சு, ராசமாணிக்கம் எழுதுனா விசா வந்துரும், அந்தாளு கைராசிக்காரன்னு. மீமிசல்ல இருந்து, ஆவுடையார்கோயில்ல இருந்தெல்லாம் வந்து காத்துக்கிடப்பாங்க. ஓனரே எழுதித் தரேன்னாலும் வேணாம்பாங்க. அண்ணன் வரட்டும், அண்ணன் கையால எழுதட்டும். தேங்காய் பழம் வச்சுக் குடுத்தவங்கல்லாம் உண்டு.

அப்ப வந்தவன்தான் அடைக்கலம். மருதவயல். நீங்க ஏறுனதுக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி நான் ஏறுனேன்ல, அதுதான் மருதவயல். அவனுக்கு அப்ப பதினாறு வயசு. அப்பா செத்து மூணு மாசம், மூணு தங்கச்சி. எட்டாவதோட நின்னுட்டான். வந்திருந்த விசா கட்டட வேலைக்கு, இருபத்தஞ்சுக்குக் கிட்ட வயசு இருக்கணும்னு கண்டிஷன். இவன் என்னைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நிக்கிறான். அவங்க அம்மா என் பேனாவையே பாத்துக்கிட்டிருக்கு.

நான் என்ன சார் பண்ண? எட்டு வருஷம் கூட்டிப் போட்டேன். எழுவத்திரண்டுல பொறந்தவனை அறுபத்திநாலுல பொறந்தவனா ஆக்குனேன். பள்ளிக்கூடமே போகாதவன்னு எழுதி, நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் வாங்கி வச்சேன். முடிஞ்சது. அன்னிக்கு எல்லாரும் பண்ணதுதான். நம்ம பக்கம் பொறந்த தேதின்னு ஒண்ணு யாருக்கு சார் இருந்துச்சு? பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனா, கையைத் தலைக்கு மேல சுத்தி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டா அஞ்சு வயசு. ஹெட்மாஸ்டர் ஜூன் மாசத்துல ஒரு தேதியைப் போட்டுக்குவார். ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன்லதான் பொறந்தநாள். வாத்தியார் போட்டா சரி, நான் போட்டா தப்பா? அது தப்புன்னு இன்னிக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த எட்டு வருஷம்தான் மூணு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துச்சு.

அவன் போய்ச் சேந்து நாலஞ்சு வருஷத்துல டிராவல்ஸை மூடிட்டாங்க. ஓனர் எங்க போனார்னே தெரியலை. நான் சும்மா உக்காந்திருக்கேன். அப்ப லீவுல வந்த அடைக்கலம் நேரா என் வீட்டுக்கு வந்தான். ‘அண்ணே, எங்க கம்பெனியில தமிழ் தெரிஞ்ச டைம்கீப்பர் கேக்குறாங்க. உங்களைச் சொல்லிட்டேன்’னான். பாத்துக்குங்க. நான் அவனுக்குப் பாரம் எழுதுனேன், அவன் எனக்கு வேலையே வாங்கிக் குடுத்தான். கணக்கு அப்பவே தீந்துபோச்சுன்னு வேணும்னா சொல்லலாம். ஆனா தீரலை.

அந்த வேலைக்கு முப்பதுக்குள்ள ஆள் கேட்டாங்க. எனக்கு முப்பத்திநாலு ஆயிருச்சு. வேற என்ன பண்றது, ஏழு வருஷத்தைக் குறைச்சுப் போட்டேன். என் கைதானே, என் பாரம்தானே. பாஸ்போர்ட்ல இப்ப எனக்கு அம்பத்தெட்டு. நெசத்துல அறுபத்தஞ்சு. தலையைப் பாக்காதீங்க, டை அடிச்சிருக்கேன்.

இங்கதான் ஒண்ணைக் கவனிக்கணும் சார். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கூட்டிப் போட்டவன், எனக்கு மட்டும் குறைச்சுப் போட்டுக்கிட்டேன். வேணும்னு பண்ணலை. அவங்க கேட்ட வயசு அவங்களுக்கு, எனக்குக் கேட்ட வயசு எனக்கு. வயசு கூடக்கூட ஆளை வெளிய தள்ளுவாங்கன்னு எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியுமா என்ன? எல்லாரும் வா வான்னு கூப்பிட்ட காலம் அது. போ போன்னு சொல்ற காலம் வரும்னு யார் நினைச்சா?

வந்துச்சு. சுத்தி வளைக்காம சொல்றேன். போன வருஷம், பட்டப்படிப்பு இல்லாத வெளிநாட்டுக்காரனுக்கு அறுபது வயசு ஆயிட்டா விசா புதுப்பிக்க மாட்டோம்னு சட்டம் போட்டாங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. நான்தான் தமிழ்ல சத்தமாப் படிச்சுச் சொன்னேன். கேம்ப்ல பெரிசுங்க பத்து இருபது பேர் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அடைக்கலம் மட்டும் சிரிச்சுக்கிட்டு நின்னான். ‘பாவம்ணே இவங்க’ன்னான். தன் வயசு அம்பத்தொண்ணுன்னே நினைச்சுக்கிட்டிருக்கான். அவன் நினைப்பு சரிதானே? அம்பத்தொண்ணுதானே அவனுக்கு? நான்தான் பக்கத்துல போய்ச் சொன்னேன், ‘அடைக்கலம், பேப்பர்ல உனக்கு வர்ற ஜூனோட அறுபது’ன்னு.

அவன் மூஞ்சி போன போக்கை நான் சொல்ல விரும்பலை.

அவன் சாதாரண ஆள் இல்லை சார். சாரம் கட்டுறதுல அவனை மாதிரி ஆள் அந்தக் கம்பெனியில கிடையாது. பள்ளிவாசல் கும்மட்டம் மாதிரி வளைஞ்ச கட்டடத்துக்கெல்லாம் சாரம் கட்டணும்னா இஞ்சினியரே ‘அடைக்கலத்தைக் கூப்பிடு’ம்பாரு. உடம்புல ஒரு வியாதி கிடையாது. ஒரே மக, கௌசல்யா. நர்சிங் ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்துச்சு. ‘இன்னும் மூணு வருஷம் இருந்தாப் போதும்ணே, அது படிச்சு முடிச்சிரும், நான் வந்துருவேன்’னு கேம்ப்ல சொல்லாத ஆள் கிடையாது. மூணே வருஷம். எட்டு வருஷத்தை நான் முழுங்கி வச்சிருக்கேன், அவன் மூணு கேக்குறான்.

கம்பெனிக்கும் அவனை விட மனசில்லை. ஆபீஸ்ல ஜோசப் சார்னு ஒரு மலையாளி, ஆள் எடுக்குறது அனுப்புறது எல்லாம் அவர் கையில. நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், ‘அவன் ஸ்கூல்ல படிச்சிருக்கான்னா ஸ்கூல் சர்ட்டிபிகேட் இருக்கும்ல? பழைய சர்ட்டிபிகேட் இருந்தா எம்பசியில வயசைத் திருத்தலாம். மூணு மாசம் டைம் இருக்கு. ஆனா அன்னிக்கு எப்படித் தப்பா எழுதுனாங்க, யார் எழுதுனாங்கன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்’னு.

நான் ஓடிப்போய் அடைக்கலத்துக்கிட்ட சொன்னேன். பாருங்க, ஓடித்தான் போனேன். அதையும் கணக்குல எடுத்துக்கங்க. அவன் ஊருக்குப் போன் போட்டு, அவன் பொண்டாட்டி மீனாள் பெட்டியெல்லாம் கவுத்து, எட்டாவது படிச்ச டிசியைத் தேடிக் கண்டுபிடிச்சிருச்சு. லீவுல போன ஒரு பையன் கையில குடுத்தனுப்புனாங்க. மடிச்சு மடிச்சு நாலு துண்டா ஆகப்போற பேப்பர். எழுவத்திரண்டு ஜூன் ஒண்ணு. ஹெட்மாஸ்டர் சீல் நல்லாத் தெரியுது. அடைக்கலம் அதை ரெண்டு கையாலயும் என்கிட்ட குடுத்தான். ‘நீங்களே குடுத்துருங்கண்ணே, உங்க கை ராசியான கை’ன்னான்.

மறுநாள் ஜோசப் சாரைப் பாக்கப் போனேன். டிசி என் சட்டைப் பையில இருக்கு. அவர் டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவரே சும்மா பேச்சுவாக்குல சொன்னார், ‘ஒருத்தன் கேஸ் எம்பசிக்குப் போனா கையெழுத்துப் போடுறவன் பாஸ்போர்ட்டையும் கேப்பாங்க டைம்கீப்பர். உன்னோடது சரியா இருக்குல்ல?’ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டார். நானும் சிரிச்சேன்.

சிரிச்சுட்டு, ‘அந்த சர்ட்டிபிகேட் கிடைக்கலை சார், வீட்டுல தேடிட்டாங்களாம்’னு சொல்லிட்டேன்.

சட்டைப் பையில இருக்கு சார். நெஞ்சுக்கு மேல இருக்கு. கிடைக்கலைன்னு சொல்றேன்.

அதை நான் யோசிச்சுச் சொல்லலை. அதை மட்டும் நம்புங்க. கேம்புக்குத் திரும்பி நடந்து வர்றப்ப, நாளைக்குச் சொல்லிக்கலாம், கிடைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்னுதான் நினைச்சேன். எனக்கு என்ன பயம்? என்னோடதைத் தோண்டுனா அறுபத்திநாலுன்னு தெரிஞ்சுபோகும், அன்னிக்கே பெட்டியைக் கட்டணும். அடைக்கலத்துக்கு முன்னாடி நான் ஏறணும் ஃப்ளைட். எனக்கும் குடும்பம் இருக்குல்ல? என் மகன் இருக்கான். படிச்சிருக்கான், ஆனா ஒரு வேலையில நிக்க மாட்டேங்குறான். மாப்பிள்ளைக்கு ஒரு கடை வச்சுக் குடுக்கணும்... சரி, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு. வேலையை விட எனக்கும் இஷ்டமில்லை, அதுதான் நெசம். காலையில அந்த வாசல்ல நிக்காம நான் என்ன பண்ணுவேன்?

அடைக்கலத்துக்கிட்ட போய், ‘முடியாதாம்ப்பா. சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்டாம். டிசியெல்லாம் செல்லாதாம்’னேன். ‘நீங்க போயும் முடியலைன்னா அப்புறம் யார் போயும் முடியாதுண்ணே’ன்னான் அவன். டிசியைத் திருப்பிக் கேக்கலை. செல்லாத பேப்பர்தானேன்னு விட்டுட்டான். நான் அதை என் அலமாரியில சட்டைக்கு அடியில வச்சேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு மூணு மாசமும் போயிருச்சு. அவன் கிளம்புறப்ப சோறாக்குற கரண்ட் குக்கரை என்கிட்ட குடுத்துட்டுப் போனான். இன்னிக்கும் அதுலதான் சோறு வைக்கிறேன். ஒவ்வொரு வேளையும் குத்துது சார். ஆனா சாப்பிடாம இருக்க முடியுதா?

அடுத்த நாள் காலையில பஸ்ஸுல தலையை எண்ணுனேன். ஒண்ணு குறைஞ்சுது. எழுதிக்கிட்டேன்.

இந்த லீவுல அவனைப் பாக்கணும்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். டிசியையும் எடுத்துட்டு வந்தேன். இதோ இந்தப் பையிலதான் இருக்கு, பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். இப்பவும் காலம் போயிரலை. நான் லீவுக்குக் கிளம்புறப்பகூட ஜோசப் சார் சொன்னார், ‘அந்த சாரம்காரன் மட்டும் வயசைத் திருத்திட்டு வந்தா நாளைக்கே விசா அடிக்கிறேன்’னு. அவனுக்கு டிசி வேணும், என் கையெழுத்து வேணும். ரெண்டும் என்கிட்டதான் இருக்கு. அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, கால்ல விழணும்னாலும் விழுந்து, குடுத்துரணும். அப்படித்தான் நினைச்சு வந்தேன். வந்த மறுநாளே போயிருக்கணும். நாப்பத்தஞ்சு நாள் லீவுல நாப்பத்திநாலு நாள் அது இதுன்னு இழுத்துட்டு, இன்னிக்குக் காலையிலதான் போனேன். ஏன்னு கேக்காதீங்க.

வீட்டுல அவனும் மீனாளும் இருந்தாங்க. மீனாள் காபி போட்டுக் குடுத்துச்சு. அவன் இளைச்சுப் போயிருந்தான். இங்க வந்து ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கான். ஆதார்ல அறுபதுன்னு இருக்கு, எடுக்க மாட்டோம்னுட்டாங்களாம். பாஸ்போர்ட்டைக் காட்டித்தானே ஆதார் எடுத்தான், அதுலயும் அதே வயசு ஏறிப்போச்சு. ஊர்ல கொத்தனார் கூப்பிட்டா சாரம் கட்டப் போறான். இங்க யார் சார் சாரம் கட்டி வீடு கட்டுறா? வாரத்துக்கு ரெண்டு நாள் கிடைச்சாப் பெரிசு. உலகத்துல உள்ள கும்மட்டத்துக்கெல்லாம் சாரம் கட்டுனவன், இங்க மாட்டுக்கொட்டகை மேல ஏறி ஓடு மாத்திக்கிட்டிருக்கான்.

நான் ஏதாவது நல்லதாச் சொல்லணும்னு, ‘ஏன் அடைக்கலம், வயசு அறுபது ஆயிருச்சுல்ல, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடலாமே. நான் வேணா பாரம் எழுதித் தரேன்’னேன். பாருங்க, நான் போட்ட வயசால அப்படியும் ஒரு நன்மை இருக்கத்தான செய்யுது? அவன் சிரிச்சான். மீனாள்தான் சொல்லுச்சு, ‘எங்க ஆத்தாளும் அதைத்தான் வாங்குது. மாமியாரும் மருமகனும் ஒரே வரிசையில நிக்கட்டும், ஊரே வந்து பாக்கட்டும்’னு. வேடிக்கையாத்தான் சொல்லுச்சு. ஆனா சொல்லிட்டு உள்ள போயிருச்சு, ரொம்ப நேரம் வெளிய வரலை.

‘கௌசல்யா எங்க?’ன்னேன். காலேஜை விட்டுருச்சு சார். ரெண்டாவது வருஷத்தோட நிறுத்திட்டாங்களாம். தையல் கம்பெனி வேன் வருது, அதுல ஏறிப் போகுது. இன்னிக்கு வார லீவு, கடைக்குப் போயிருக்கு வந்துரும்னான். இருபது வயசு. உங்க பேப்பர்ல எண்ணிக்கை கூடியிருக்குன்னு போட்டிருக்கான்ல, அந்தக் கூடுனதுல ஒண்ணு அந்தப் பொண்ணு. அங்க அப்பன் ஒரு தலை குறைஞ்சான், இங்க மக ஒரு தலை ஏறுச்சு. கோடு போடுறவனுக்கு ரெண்டும் வேற வேற நாடு, வேற வேற படம். அவனுக்கு இது எப்படித் தெரியும்?

சரி, சொல்லிரலாம்னு பையைத் தொறக்கப் போறேன். அப்பதான் அடைக்கலம் என் பக்கத்துல நகந்து உக்காந்தான். ‘அண்ணே, நீங்களா வந்தது நல்லதாப் போச்சு. உங்களைத் தேடி வரணும்னே இருந்தேன்’னான். ‘கௌசல்யாவை வெளிநாடு அனுப்பலாம்னு இருக்கோம். ஒரு வீட்டுல பிள்ளைங்களைப் பாத்துக்குற வேலை. ஏஜெண்ட் ஒருத்தர் எல்லாப் பேப்பரும் ரெடி பண்ணித் தரேன்னுட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு முப்பது வயசு ஆயிருக்கணுமாம். அவரே போட்டுத் தரேங்கிறார். ஆனா எனக்கு மனசு ஒப்பலை. நீங்க உங்க கையால எழுதணும். நீங்க எழுதுனதாலதாண்ணே நான் முப்பத்தாறு வருஷம் ஒரு குறையும் இல்லாம சம்பாதிச்சேன். என் தங்கச்சிங்க மூணு பேரும் உங்க கைராசியிலதான் வாழுதுங்க. அதுக்கும் நீங்களே போட்டுக் குடுங்கண்ணே’ன்னான்.

பத்து வருஷம் கூட்டணும் சார். அப்பனுக்கு எட்டு. மகளுக்குப் பத்து.

காபி டம்ளரைக் கீழ வச்சேன். ‘இப்ப அதெல்லாம் முடியாது அடைக்கலம். எல்லாம் கம்ப்யூட்டர். மாட்டுனா அந்தப் பொண்ணு அங்க ஜெயில்ல இருக்கணும்’னேன். அது நெசம் சார், சத்தியமா நெசம். வாழ்க்கையில முதல் தடவையா நான் அவன்கிட்ட முடியாதுன்னு நெசமாச் சொல்றேன்.

அவன் கோவிச்சுக்கவே இல்லை. ‘நீங்க சொன்னாச் சரிதாண்ணே. அன்னிக்கு என் விஷயத்துலயும் நீங்க முடியாதுன்னு சொன்னப்புறம்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டேன். வேற யார் சொல்லியிருந்தாலும் அலைஞ்சிருப்பேன்’னான். அப்புறம் மெதுவா, ‘ஆனா ஏஜெண்ட் முடியும்கிறார்ணே. வர்ற வாரம் வரச் சொல்லியிருக்கார். நான் என்ன பண்ண, எனக்குத்தான் வயசாயிருச்சே’ன்னான். அம்பத்திமூணு வயசுக்காரன் சொல்றான் சார், எனக்கு வயசாயிருச்சுன்னு. நாலு இடத்துல பேப்பரைக் காட்டிக் காட்டி அவனே நம்பிட்டான்.

அப்பவாவது நான் பையைத் தொறந்திருக்கணும். தொறக்கலை. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டேன். கண்ணு சரியாத் தெரியலை, எழுத முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, எழுதலை. அந்தப் பாவத்தைப் பண்ணலை. வாசல்படி இறங்குறப்ப அதை நினைச்சு மனசு கொஞ்சம் லேசாக்கூட இருந்துச்சு. அப்பாடா, ஒரு தடவையாவது எழுதாம வந்துட்டோம்னு.

கௌசல்யா அதுக்குள்ள கடையில இருந்து வந்துருச்சு. நான் பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன் பெரியப்பான்னு இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே வந்துச்சு. நீங்ககூடப் பாத்திருப்பீங்க, பச்சைச் சுடிதார், பையைத் தூக்கிக் குடுத்துச்சே, அதுதான். அது அப்பன் டிசியை அதுவே தூக்கிக்கிட்டு வருது, அதுக்குத் தெரியாது. நல்ல பொண்ணு சார். தையல் கம்பெனியில சூப்பர்வைசர் எப்படித் திட்டுவார்னு நடிச்சுக் காட்டிக்கிட்டே வந்துச்சு. சிரிச்சேன். பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருக்கோம். வெயில். திடீர்னு குரலை இறக்கிக் கேட்டுச்சு, ‘பெரியப்பா, ஏஜெண்டு என்னை ஒரு ஆபீஸ்ல நேர்ல காட்டணும்ங்கிறார். சேலை கட்டுனா முப்பது வயசு மாதிரித் தெரிவேனா?’ன்னு.

வேணாம் ஆத்தான்னு சொல்லணும். போகாதேன்னு சொல்லணும். இந்தா இந்தப் பையைத் தொற, உங்க அப்பன் போகட்டும், நீ திரும்பக் காலேஜுக்குப் போன்னு சொல்லணும்.

நான் அந்தப் பொண்ணை மேலயும் கீழயும் பாத்தேன் சார். பாரம் எழுதுறப்ப எதிர்ல நிக்கிற ஆளை ஒரு பார்வை பாப்போம்ல, அந்தப் பார்வை. பாத்துட்டு, ‘சேலை மட்டும் பத்தாது ஆத்தா’ன்னேன். ‘பின்னல் வேணாம், கொண்டை போட்டுக்க. இந்தச் சின்னத் தோட்டைக் கழட்டிட்டு அம்மாவோடதைப் போட்டுக்க. கேட்டா, கல்யாணம் ஆயிருச்சு, பிள்ளை ரெண்டு இருக்குன்னு சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க’ன்னேன்.

என் வாய்தான் சார். எனக்கே கேக்குது, யாரோ பேசுற மாதிரி.

அதுக்கு ஒரே சந்தோஷம். படிக்கிற பிள்ளைல்ல, ஒவ்வொண்ணாத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கிச்சு. கொண்டை. அம்மா தோடு. ரெண்டு பிள்ளை. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. நான் படியில காலை வச்சுட்டேன். பையைத் தூக்கிக் குடுத்துக்கிட்டே கேட்டுச்சு, ‘பெரியப்பா, பிள்ளைங்க பேரு கேட்டா என்ன சொல்ல?’ன்னு.

பேரும் சொல்லிட்டேன் சார். மூத்தது பொண்ணு, சின்னது பையன்னு, ரெண்டுக்கும் வயசும் போட்டுக் குடுத்துட்டேன்.